யாரும் விளையாடாத முதலிடம்

நடந்தவை, வரிசைப்படி:

1. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் டிப்ளமோ முடித்ததும் மட்டாஞ்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேம் டிஸ்க் அலமாரி என் பொறுப்பு.
2. அந்தந்த வாரம் அதிகம் விற்ற ஐந்து கேம்களைக் கடைக்காரர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி மாட்டத் தொடங்கினார்.
3. ஒரு போர் கேம் முதலிடத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.
4. நான் போய்த் திறந்து பார்த்த எந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கேம் ஓடவில்லை.
5. வாங்கியவர்கள் எல்லோரும் அதை விளையாடியதாகப் பேசினார்கள்.
6. பலகையில் நான் இன்னொரு பத்தி சேர்த்தேன்.
7. எல்லாக் கேம்களின் விற்பனையும் படுத்துவிட்டது.
8. ஒருவன் வந்து அந்தப் பத்தியை அழிக்கச் சொன்னான்.

வரிசையில் தவறு இல்லை. ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு இன்னும் சில இடங்கள் புரியவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

கடை மசாலாக் கிடங்குகள் இருக்கும் தெருவில் இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் எந்த சிபியூவைத் திறந்தாலும் விசிறியில் சுக்குத் தூளும் மிளகுத் தூசியும் அப்பியிருக்கும். தும்மாமல் திறக்கப் பழகுவதற்கே எனக்குச் சில மாதங்கள் ஆயின. கடைக்காரர் பல தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். எங்கள் குடும்பமும் அப்படித்தான். ஆனாலும் தெருவே அவரை மலையாளத்தில் சேட்டன் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். மொபைல் போன்கள் எல்லோர் கையிலும் வர ஆரம்பித்த சமயம். ரீசார்ஜ் கூப்பன் வாங்க வருபவர்கள் கேம் அலமாரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஓணம் வரைக்கும் பாப்போம் மோளே. இந்த அலமாரி ஓடலேன்னா எடுத்துட்டு மொபைல் கவர் மாட்டிடுவேன். வெறுதே சுவர அடச்சிட்டு நிக்க முடியாது.”

அலமாரி போனால் நானும் போக வேண்டியதுதான். கேம் வாங்கியவர்கள் அதைப் போட்டுத் தரச் சொல்லி என்னை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். போன இடத்தில் விசிறி சத்தம் போடுகிறது, மவுஸ் ஒட்டிக்கொள்கிறது என்று வேறு வேலையும் சேரும். படித்ததைக் கையால் செய்துபார்க்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அது. மாநகராட்சியில் வேலை பார்த்த அப்பா, ஆலுவாவில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். அங்கே வந்த சரக்கையும் போன சரக்கையும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூகூடத் திருக வேண்டியிருக்காது. “உக்காந்து செய்யுற வேல” என்று அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். அதே காரணத்துக்காகவே எனக்கு அது வேண்டாமாயிருந்தது.

அலமாரியை ஓட வைக்கத்தான் பலகை வந்தது. யோசனை சேட்டனுடையது. சனிக்கிழமை மாலை பில் நகல்களை எண்ணி, ஐந்து பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, மேலே ‘டாப் ஃபைவ்’ என்று போட்டு வாசலில் மாட்டினார். இதற்காகவே பையன்கள் கூட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ, சிலர் கல்லூரி. கிரிக்கெட் அணியைத் தேர்வு செய்ததும் எழும் சண்டை மாதிரி இருக்கும். கார் பந்தயம் எப்படி மூன்றாமிடம்? இது கடை லிஸ்டா, கொச்சி லிஸ்டா? சேட்டன் கணக்கு மாற்றவில்லை என்று என்ன உறுதி?

“கொச்சி எங்க முடியுதுன்னு எனக்கு அறியாது. என் கடை இந்த ஷட்டர் வரைக்கும்” என்பார் சேட்டன்.

ஒருவன் சரிபார்ப்பதற்காகவே படகு பிடித்து எர்ணாகுளம் போய் பிராட்வே கடைத்தெருவில் கேட்டுவிட்டு வந்தான். அங்கே கடைக்காரர், எது வேண்டும் என்று சொல், எது விற்கிறது என்று கேட்காதே என்று விரட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் பலகைக்கு மரியாதை கூடியது. கணக்கை வெளியே மாட்டுகிற கடை அந்தப் பக்கத்தில் எங்களுடையது மட்டும்தான்.

எத்தனை கேம் வைத்திருக்கிறான் என்பது அவர்களுக்குள் பெரிய விஷயம். அதை லைப்ரரி என்றார்கள். அதில் ஒரு வழக்கம் இருந்தது. டிஸ்க் கை மாறும், கவர் மாறாது. கடன் கொடுக்கும்போது டிஸ்கை மட்டும் உருவி ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். கவர் வீட்டில் மானிட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஜம்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

போர் கேம் வந்த வாரமே முதலிடம். கவரில் ஒரு பாலம், மேலே டாங்கிகள், நல்ல மழை. பையன்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்கே பிடிக்கும்.

“பாலத்துல டாங்க் வரும்போது கீழ ஓடணும்டா. மேல நின்னா தீர்ந்துது.”

“மேல நின்னுதான் நான் ஜெயிச்சேன்.”

“நீ ஜெயிச்ச கேம்ல பாலம் உண்டா? மழையாவது உண்டா?”

“மழையும் உண்டு, குடையும் உண்டு. உனக்கு வேணுமா?”

அந்தக் கேமை முதலில் போட்டுத் தரப் போன வீட்டில், திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பிறகு பழைய நீலத் திரை, பழைய ஐகான்கள். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. இந்தக் கேமுக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் அது இல்லை. படம் காட்டுகிற வேலையை மதர்போர்டே ஒப்புக்குச் செய்துகொண்டிருந்தது. டிஸ்கில் இரண்டு நிமிட விளம்பரப் படம் ஒன்று இருந்தது. அது மட்டும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். பாலம், டாங்கி, மழை எல்லாம் அதில் வந்தன. பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, கடையில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

அடுத்த வீட்டிலும் கறுப்புத் திரை. அதற்கடுத்த வீட்டிலும். ஒவ்வொரு வீட்டிலும் அதே வேண்டுகோள். அதே பையன்கள் சனிக்கிழமை பலகைக்கு முன் நின்று பாலத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எனக்குத் தோன்றிய காரணங்கள்:

அ. எங்கோ நல்ல கம்ப்யூட்டர் உள்ள வீடு ஒன்று இருக்கிறது. எல்லோரும் அங்கே போய் விளையாடுகிறார்கள்.
ஆ. எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.
இ. எனக்கு வேலை தெரியவில்லை.

மூன்றாவதுதான் அதிகம் உறுத்தியது. கடைக் கம்ப்யூட்டரில் ஒரு கார்டைப் பொருத்திப் பார்த்தேன். கேம் ஓடியது. கார்டைக் கழற்றினேன். கறுப்புத் திரை. என் வேலை சரிதான்.

சேட்டனிடம் சொன்னேன். ஓடாத கேமை எப்படி முதலிடம் என்று எழுதுவது? அவர் கேட்டது ஒன்றே ஒன்று: யாராவது திருப்பிக் கொண்டு வந்தார்களா? இல்லை என்றேன். அப்படியானால் ஓடுகிறது என்றார். உறை பிரித்த டிஸ்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று கல்லாவுக்கு மேலே அவரே அட்டை எழுதி மாட்டியிருந்ததைக் காட்டினேன். எது விற்றது என்பது நமக்குத் தெரியும், விற்ற பிறகு என்ன ஆனது என்பது தெரியாது, தெரியவராதபடி நாமே கதவை அடைத்து வைத்திருக்கிறோம் என்றேன். எனக்கு மார்க்கர் பேனாவைக் கொடுத்தார். “எழுது. நம்பிக்கை கூடினா கொள்ளாம், நல்லதுதான்” என்றார்.

ஐந்து பெயர்களுக்கும் எதிரே, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுமா என்ற தலைப்பில் எழுதினேன். கிரிக்கெட் ஓடும். கார் பந்தயம் ஓடும். போர் கேம், தனிக் கார்டு இல்லாமல் ஓடாது. மலையாளத்தில் எழுதினேன். பள்ளியில் படித்தது மலையாளம். கை தானாக அதற்குத்தான் போகும். அந்தப் பலகையில் முதல்முறையாக மலையாளம் ஏறியது அன்றுதான். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை.

போர் கேம் இறங்கும், அதற்குப் பதில் மற்றவை ஏறும் என்று எதிர்பார்த்தேன். எல்லாமே இறங்கின. ‘ஓடும்’ என்று எழுதிய கிரிக்கெட்டைக்கூட யாரும் தொடவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கலைந்தது. அடுத்த வாரம் எழுத ஐந்து பெயர்கள் தேறவில்லை. சேட்டன் என்னைத் திட்டவில்லை. டேப்பை எடுத்து வந்து அலமாரியின் அகலத்தை அளந்துகொண்டு போனார். வீட்டில் அப்பா, ஆலுவாவில் இன்னும் ஆள் எடுக்கவில்லையாம் என்று சாப்பாட்டின் நடுவே சொன்னார்.

உண்மையை எழுதினால் ஓடுகிற கேம் ஏன் விற்காமல் போக வேண்டும்?

ஒருநாள் காலை சேட்டன் சாயா குடிக்கப் போயிருந்தபோது எங்கள் சந்தில் இருக்கும் பையன் வந்தான். அவன் அப்பா கல்ஃபில் ஏசி மெக்கானிக். பாலத்தின் மேல் நின்று ஜெயித்தவன் இவன்தான். பலகையைப் பார்க்காமல் என்னிடம் பேசினான்.

“அக்கா, அந்த மலையாளத்துல எழுதினது நீங்களா?”

“ஆமா.”

“அழிக்கணும்.”

“ஏன், பொய்யா எழுதியிருக்கேன்?”

“பொய் இல்ல அக்கா. அதான் அழிக்கணும்.”

பிறகு அவன் சொன்னதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். அவன் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றுதான் போன் செய்வார். மார்க் கேட்டால் இவன் வாயைத் திறக்க மாட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். ஒருமுறை, கூட வேலை செய்பவரிடம் விசாரித்து, இந்தப் போர் கேம்தான் இப்போது பெரிதாமே, வாங்கிக்கொள் என்றார். அம்மா கடைக்கு வந்து பார்த்தார், பலகையிலும் அதுதான் முதலில் இருந்தது, வாங்கினார். ஓடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அப்பா, கேம் எப்படி என்று கேட்டார். அவ்வளவு விசாரித்து வாங்கித் தந்தவரிடம் ஓடவில்லை என்று சொல்ல இவனுக்கு நாக்கு எழவில்லை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கேள்வியே, அந்தப் பாலத்தைக் கடந்தாயா என்பதுதான்.

கவரில் இருந்தது இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் சனிக்கிழமை தவறாமல் பலகைக்கு வந்தானாம். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஆகும். இப்போது அம்மா மலையாளத்தில் இருப்பதை வாசித்துவிட்டார். நம் வீட்டில் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இனிமேல் எனக்குக் கேமே வேண்டாம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறான். கிரிக்கெட் ஏன் படுத்தது என்பது அப்போதுதான் எனக்கு ஓரளவு விளங்கியது. கேம் வாங்க வருவது பெரும்பாலும் அம்மாக்கள். மலையாளத்தை வாசித்துவிட்டு அவர்களும் இதையே கேட்டிருப்பார்கள், மற்றப் பையன்களும் இவனைப் போலவே தப்பித்திருப்பார்கள்.

“மத்த பசங்க?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு என்ன, ஓடுது. எங்க வீட்லதான் ஓடல.”

எல்லா வீட்டிலும் அதே கறுப்புத் திரைதான் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன் என்று அத்தனை வீட்டிலும் ஒப்புக்கொண்டிருந்தேன். பாலத்தின் கீழே ஓட வேண்டும் என்றவன் வீட்டில் அந்தக் கேமைப் போட்டு, ஓடாமல் எடுத்தவள் நான்தான். அவனும் எங்கிருந்தோ கேட்டதைத்தான் சொல்லியிருப்பான். மழையை யார் முதலில் கொண்டுவந்தார்கள்? கவரா, விளம்பரப் படமா? எல்லோருக்கும் போன் காரணமா என்றால், அதுவும் இல்லை. சில வீடுகளில் அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன்கள் யாருக்காகப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். யோசித்ததும் உதவவில்லை. பத்தியை அழித்தால் அலமாரி பிழைக்கலாம். ஆனால் ஓடாது என்று தெரிந்தே விற்க வேண்டும். அழிக்காவிட்டால் ஆலுவா.

அந்த வாரமே அவன் அம்மா வந்தார். போர் கேமின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. அதைக் கேட்டார். நான் டிஸ்கை எடுக்காமலே, இது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடாது, கிரிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அறியும்” என்றார். “முதல் பாகமும் ஓடல. பாட்டரி போன டார்ச்சப் பாக்குற மாதிரி அந்தக் கறுப்ப பாத்துட்டு உக்காந்திருந்தான். எனக்குக் கண்ணு இல்லையா?”

“பின்ன எதுக்கு இது?”

“பழைய கதை தீர்ந்து போச்சு மோளே. ரெண்டு வெள்ளிக்கிழமையா அப்பாவும் மகனும் ம், ம்னு போனப் பிடிச்சிட்டு இருக்காங்க. கிரிக்கெட்ல சொல்ல என்ன இருக்கு?”

கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடுமே என்று சொல்லிப் பார்த்தேன். நாலு பேரிடம் விசாரித்து, மாதக்கணக்கில் யோசித்துப் பையனின் அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது, அது போதாது என்று போனில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவர் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை தனக்குத் தெரியும் என்று மகனிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அந்தச் சந்தில் நான் சொல்லக்கூடாத விஷயங்களில் இன்னும் ஒன்று கூடியது.

பில் போட்டேன். ஓடாது என்று வாங்குபவருக்குத் தெரியும், விற்பவளுக்கும் தெரியும், விளையாடப் போகிறவனுக்கும் தெரியும். இது விற்பனைதானே? அந்தச் சனிக்கிழமை எண்ணும்போது அந்தப் பில் நகலை முதலில் தனியே வைத்தேன். பிறகு மற்றவற்றோடு சேர்த்தேன்.

சேட்டனிடம் ஒரு மாற்றம் கேட்டேன். என் பத்தியை நானே அழிக்கிறேன். பதிலுக்கு ‘டாப் ஃபைவ்’ என்ற தலைப்பும் போக வேண்டும். அவர் அந்தத் தலைப்புக்காகக் கொஞ்சம் வாதாடினார். சினிமாவுக்கு எல்லாப் பேப்பரிலும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். கடைசியில் ‘இந்தக் கடையில் இந்த வாரம் விற்றவை’ என்று மாற்றினோம். கீழே மலையாளத்தில் ஒரே ஒரு வரி: வாங்கும் முன் ஓடுமா என்று கேட்கவும். கேட்பவர்களுக்கு நான் உள்ளதைச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் அவர்கள் வீட்டில் என்ன கம்ப்யூட்டர் என்று ஒரு தடவை கேட்பேன். சிலர் கிரிக்கெட்டுக்கு மாறுகிறார்கள். சிலர், தெரியும் என்று கையை நீட்டுகிறார்கள். எந்த வீட்டில் என்ன காரணம் என்று நான் விசாரிப்பதில்லை.

பையன்கள் திரும்பி வந்தார்கள். இரண்டாம் பாகத்தில் பனி மலை வருகிறது. பாலத்தின் மேல் நின்று ஜெயித்தவன் இப்போது மலையேறிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வதைக் கேட்க முன்னைவிட அதிகம் பேர் நிற்கிறார்கள். நன்றாகச் சொல்கிறான், கேட்கிற எனக்கே குளிர்கிறது. இது எனக்குச் சந்தோஷமா, கவலையா என்று கேட்டால் தெரியாது.

ஓணம் வந்தது. கணக்குப் பார்த்துவிட்டு சேட்டன் அலமாரியைப் பாதியாக்கினார். இடது பாதியில் மொபைல் கவர், வலது பாதியில் கேம். முழுதாக எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். “அந்த மலை வரைக்கும் போகட்டும்” என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

இப்போது நிலைமை இதுதான். பாதி அலமாரி இருக்கிறது. நானும் கடையில் இருக்கிறேன். ஆலுவா வேலைக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டார். போர் கேமின் இரண்டாம் பாகம் பலகையில் முதலிடத்தில் இருக்கிறது. அது ஓடுகிற வீடு ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.